கறுப்பும் வெள்ளையும் போதும்: குறைபார்வையோடு ஒரு சித்திரக்கதை

ஏற்காடு மலையில் பனி இறங்கிய ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். பத்தடி தொலைவில் நிற்கும் சில்வர் ஓக் மரம் இருக்கிறதா, இல்லையா என்றே ஐயம் எழும். மரம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நம் கண்ணும் கெட்டுவிடவில்லை. மரத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே இருந்த ஒளி, நிழல் வேறுபாடு மட்டும் கரைந்துபோயிருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கண் மருத்துவத்தில் ‘கான்ட்ராஸ்ட்’ என்கிறோம். அதையே தன் கைக்கருவியாக்கிக்கொண்டு சித்திரக்கதை வரையும் செம்மநத்தத்து மாணவி ஒருத்தியைப் பற்றியது இக்கட்டுரை. அவளுடைய இசைவோடும் குடும்பத்தாரின் இசைவோடும் எழுதுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

நாங்கள் சொன்னதும் சொல்லத் தவறியதும்

முதன்முறை எங்கள் கண் பிரிவுக்கு வந்தபோது அவளுக்கு 14 வயது. பெற்றோர் இருவரும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கண்ணாடி மாற்றியிருந்தார்கள்; பயனில்லை. பாப்பாவை விரித்துப் பார்த்ததிலும், விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்ததிலும், அது ஸ்டார்கார்ட் நோய் என்று தெரிந்தது.

ஜெர்மானியக் கண் மருத்துவர் கார்ல் ஸ்டார்கார்ட் 1909-இல் விவரித்த பரம்பரை நோய் இது. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. விழித்திரையின் நடுவில் மாக்குலா என்னும் சிறு பகுதி உள்ளது. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதன் பணி. இந்நோயில் ஒரு மரபணுவின் குறையால் அப்பகுதியில் கழிவுப்பொருள் தேங்கி, நுண்ணிய பார்வைக்குரிய செல்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. பெரும்பாலோர்க்குச் சுற்றுப்பார்வை எஞ்சி நிற்கும். நேராகப் பார்க்கும் இடம் மங்கும்; ஓரத்தில் உள்ளவை தெரியும்.

நோயின் பெயரைச் சொன்னோம். இதைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்பதையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதையும் சொன்னோம். எழுந்து செல்லும்போது அவளுடைய தாயார், “கண்ணுக்கு வேலை குடுக்காம பத்திரமா பாத்துக்கணுங்களா டாக்டர்?” என்று கேட்டார். வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. கேள்வியை முழுமையாகக் காதில் வாங்காமலே “ஆமாம்மா, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டோம்.

அந்த ஓர் ‘ஆமாம்’ மலையேறிச் சென்று என்ன செய்தது என்பது எங்களுக்கு 14 மாதங்கள் கழித்தே தெரிந்தது. அன்று மாலையே அவளுடைய ஓவிய நோட்டுகள் பரணுக்குப் போய்விட்டன. செல்பேசியும் தடை செய்யப்பட்டது. ஆறாம் வயதிலிருந்து நாள்தோறும் வரைந்துகொண்டிருந்த குழந்தை, எஞ்சிய பார்வையைச் சேமித்து வைப்பதாக நம்பி, ஒரு கோடுகூடப் போடாமல் இருந்திருக்கிறாள். அவ்வாறு சேமிக்க வேண்டிய தேவையே இல்லை. கண் பயன்படுத்துவதால் தேய்வதில்லை. வரைவதால் இந்நோய் விரைவதுமில்லை. இதை முதல் நாளே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

மங்கிச் செல்லும் எழுத்துகள்

இரண்டாம் முறை வந்தபோது எங்கள் பார்வைத்திறன் பரிசோதகர் பெல்லி–ராப்சன் அட்டையை அவள் முன் வைத்தார். 1988-இல் உருவான இந்த அட்டையில் எழுத்துகள் அனைத்தும் ஒரே அளவுடையவை. ஆனால் கன்னங்கறுப்பில் தொடங்கி மும்மூன்று எழுத்துகளாக மங்கிக்கொண்டே சென்று, இறுதியில் வெள்ளைத்தாளில் கரைந்துவிடும். வழக்கமான அட்டை எவ்வளவு சிறிய எழுத்தைப் படிக்க முடியும் என்று சொல்லும். இந்த அட்டையோ எவ்வளவு மங்கலான எழுத்தைக் காண முடியும் என்று சொல்லும். அன்றாட வாழ்வுக்கு இரண்டாவது கேள்வியும் முதலாவதைப் போலவே முக்கியம்.

பாதியிலேயே அவள் நின்றுவிட்டாள். “இதுக்கு மேல எங்க ஊர்ப் பனி மாதிரி இருக்குங்க” என்றாள். பிறகு மேசைமீதிருந்த தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து, “இந்தக் கறுப்பா இருந்தா நல்லா தெரியும்” என்று சொல்லி, பழைய தாளொன்றின் பின்புறத்தில் ஒரு கையை வரைந்தாள். உடல் இல்லை, மணிக்கட்டோடு முடிந்த இரும்புக் கை மட்டும். எங்களில் நாற்பதைக் கடந்தவர்கள் அனைவருக்கும் அது யாருடைய கை என்று உடனே தெரிந்துவிட்டது.

சிவகாசியைச் சேர்ந்த சௌந்திரபாண்டியன் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் கறுப்பு வெள்ளையில் தோன்றிய பாத்திரம் அவன். தொடக்க காலக் கதைகளுக்கு ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அவளுடைய தாத்தாவின் தகரப்பெட்டியில் அந்தப் பழைய இதழ்கள் இருந்திருக்கின்றன.

அந்தக் கையில் ஒரு பாடம் இருக்கிறது. கையை மட்டும் வரைந்தால் போதும். மறைந்த உடலை வாசகனின் மூளையே வரைந்துகொள்கிறது.

கண் எதைத் தேடுகிறது?

நம் விழித்திரையில் 12 கோடிக்கும் மேற்பட்ட ஒளியுணர் செல்கள் உள்ளன. அவை திரட்டும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பிலோ பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகளே இருக்கின்றன. எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப இயலாது. ஆகவே விழித்திரை வடிகட்டி அனுப்புகிறது. ஸ்டீபன் கஃப்லர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு, விழித்திரை நரம்புச் செல்கள் மொத்த வெளிச்சத்தைவிட அருகருகே உள்ள வெளிச்சத்தின் வேறுபாட்டுக்கே வலுவாக எதிர்வினை புரிகின்றன என்று காட்டியது. அவரைத் தொடர்ந்து ஹியூபல், வீசல் இருவரும் மூளையின் பார்வைப் பகுதியில் விளிம்புகளையும் அவற்றின் சாய்வையும் அறியும் செல்கள் இருப்பதைக் கண்டறிந்து, 1981-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒளி, நிழல் சந்திக்கும் விளிம்பையே கண் முதலில் தேடுகிறது. கறுப்பு மையால் வரையும் சித்திரக்கதை அந்த விளிம்பை மட்டும் எடுத்து நம் கையில் தருகிறது. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைவுகூருங்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் அந்த உருவத்தை, முகம் தெரியாத தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்த சங்கருக்கு, மறைவுக்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து பார்த்தால், 1990-களில் மைக் மிக்னோலா படைத்த ஹெல்பாய் பாத்திரமும் இத்தகையதே. முகத்தின் பாதியையும் உடலின் பெரும்பகுதியையும் அடர்கறுப்பில் மூழ்கவிட்டு, எஞ்சிய சிறு வெளிச்சத்தால் அவர் உருவத்தை நிறுத்துகிறார்.

நுண்ணிய பார்வை குறைந்த ஒருவருக்கு இது நல்ல செய்தி. நுணுக்கம் தெரியாவிட்டாலும் வேறுபாடு பெரிதாக இருந்தால் உருவம் தெரியும். அவளால் மீண்டும் வரைய முடியும் என்று அன்று சொன்னோம். தாயார் எங்களை நம்பவில்லை. நம்பாதிருக்க அவருக்குக் காரணம் இருந்தது.

சோதனைகள்

பரணிலிருந்து நோட்டுகள் இறங்க இரண்டு மாதங்கள் ஆயின. ஆனால் காகிதத்தில் வரைவது அவளுக்கு எளிதாக இல்லை. உருப்பெருக்கியைப் பிடிக்க ஒரு கை போய்விட்டது. மூக்கு தாளைத் தொடும் அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி வீட்டில் இருந்தது. பழைய விலைக்கு ஒரு வரைபலகையும் டிஜிட்டல் பேனாவும் வாங்கினார்கள். கிரிட்டா என்னும் இலவச மென்பொருளை அண்ணன் நிறுவிக் கொடுத்தார்.

அவள் வரைய விரும்பியது ஒரு மாயக்கதை. இரவில் பனியிலிருந்து உருவெடுத்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே லாந்தரோடு நடந்து மலையைக் காக்கும் பெண் அதன் நாயகி. அவளை மையில் கொண்டுவருவதற்கு நடந்த சோதனைகளை ஒவ்வொரு வருகையின்போதும் எங்களிடம் காட்டினாள். ஓவியம் எங்கள் துறையன்று. எனினும் அவள் கண்டறிந்தவை எங்கள் துறையைச் சேர்ந்தவையாகவே இருந்தன.

முதல் சோதனையில், தான் பழகியிருந்த முறைப்படி ஒரே தடிமனுள்ள மெல்லிய கோடுகளால் வரைந்தாள். நிழலுக்கு நெருக்கமான குறுக்குக் கோடுகளை இட்டாள். மற்றவர் கண்ணுக்கு அது அழகான படம். ஆனால் அடுத்த நாள் திறந்து பார்த்தபோது தன் நாயகியையே அவளால் தேடிப் பிடிக்க முடியவில்லை. நெருங்கிய மெல்லிய கோடுகள் அவள் கண்ணில் ஒன்றாகக் கலந்து சாம்பலாகிவிட்டன. சாம்பல் என்றால் அவளுக்குப் பனி.

இரண்டாம் சோதனையில் சாம்பலையே விலக்கினாள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் முழுக்கறுப்பாகவோ முழுவெள்ளையாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. மென்பொருளில் ‘த்ரெஷோல்ட்’ என்றொரு வசதி உண்டு. ஓர் அளவுக்கு மேற்பட்ட ஒளியை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் அது மாற்றிவிடும். அதைக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் சோதித்தாள். எது கறுப்பு, எது வெள்ளை என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சேலையின் மடிப்புகளைக் கைவிட்டாள். சேலை ஒரே கறுப்பாயிற்று. லாந்தரின் வெளிச்சம் படும் கன்னமும் முன்கையும் மட்டும் வெள்ளையாக நின்றன.

மூன்றாம் சோதனை அவளுடைய கண் கூச்சத்தால் வந்தது. இந்நோயுள்ளோர் பலருக்கு வெள்ளைத்திரையின் பிரகாசம் தாங்காது. எனவே திரை முழுவதையும் முதலில் கறுப்பாக்கி, வெள்ளை மையால் வெளிச்சத்தை மட்டும் வரையத் தொடங்கினாள். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைவது போன்ற முறை இது. கண்ணீர் வடிவது நின்றது. அரை மணி நேரத்துக்குமேல் அமர முடியாதவள், இடையிடையே ஓய்வெடுத்து, இரண்டு மணி நேரம் வரைந்தாள்.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. நான்கு மடங்கு பெரிதாக்கி வரையும்போது கையோ லாந்தரோ மட்டும் தெரியும். முழு உருவம் திரைக்கு வெளியே போய்விடும். முழுப் படத்தையும் சிறிதாகக் காட்டும் தனிச் சாளரம் அதே மென்பொருளில் இருக்கிறது. அதை மூலையில் திறந்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் நகமளவுள்ள அந்தச் சிறுபடத்தில் உருவம் இன்னாரென்று தெரிந்தால் படம் தேறியது. தெரியாவிட்டால் திருத்த வேண்டும். நல்ல பார்வையுள்ள சித்திரக்கதை ஓவியர்களும் இவ்வாறு சிறிதாக்கிப் பார்த்தே சோதிக்கிறார்கள். அவர்களுக்கு அது பயிற்சி. அவளுக்கு அது தேவை.

இறுதியாக நின்றது பனி. சாம்பலே இல்லாத படத்தில் பனியை எவ்வாறு வரைவது? பல வாரங்கள் அது கைகூடவில்லை. வெள்ளைப் புள்ளிகளைத் தூவினாள், மழைபோல் இருந்தது. வளைந்த கோடுகளை இட்டாள், புகைபோல் இருந்தது. பிறகு ஒரு நாள் பனியை வரைவதையே விட்டுவிட்டாள். நாயகியின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோட்டை நிறுத்திவிட்டாள். இடுப்புக்குக் கீழே வெறும் வெள்ளை. அதற்கும் கீழே, தரையில், இரண்டு பாதங்கள். இடைப்பட்ட வெற்றிடம் பனியாகிவிட்டது. இத்தாலிய உளவியலாளர் கனிட்சா 1955-இல் வெளியிட்ட புகழ்பெற்ற முக்கோணப் படமும் இதையே காட்டுகிறது: வரையப்படாத விளிம்பையும் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். இரும்புக்கை மாயாவியின் மறைந்த உடலும் அவ்வாறு நிரம்பியதே.

தோளை வைத்து அறிதல்

சென்ற தை மாதம் மலையில் கண் முகாமுக்குச் சென்றிருந்தபோது, செம்மநத்தத்தில் அவள் வீட்டுக்கும் சென்றோம். எட்டுப் பக்கச் சித்திரக்கதை முடிந்திருந்தது. ஏற்காட்டில் ஒரு கடையில் அச்செடுத்து வைத்திருந்தாள்.

ஒன்றைக் கவனித்தோம். எட்டுப் பக்கங்களிலும் நாயகியின் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. முகத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று, மற்றதெல்லாம் கறுப்பு. காரணம் கேட்டோம்.

“நேராப் பாத்தா யார் மூஞ்சியும் எனக்குத் தெரியாதுங்க. ஆனா யார் வர்றாங்கன்னு தெரிஞ்சுடும். நடையும் தோளும் போதும்” என்றாள்.

அவளுடைய தாயார் அதுவரை அந்தப் படங்களை முழுமையாகப் பார்த்ததில்லை. பார்த்தால் கண் கெடுத்துக்கொண்ட கதைதான் நினைவுக்கு வரும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். நாங்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார். இடது தோள் சற்றே தாழ்ந்து, தலையில் சுமையோடு, லாந்தரை முன்னே நீட்டி நடக்கும் கறுப்பு உருவம். சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

“இது நானாட்டம் இருக்குது கண்ணு” என்றார்.

“நீதாம்மா” என்றாள் அவள்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

எங்கள் பிரிவில் இப்போது குறைபார்வையுள்ள ஒவ்வொருவரின் பதிவேட்டிலும் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: “கண்ணுக்காக நீங்கள் விட்டுவிட்ட வேலை எது?” விடைகள் எங்களைத் தலைகுனிய வைக்கின்றன. பூ கட்டுவதை விட்டவர் உண்டு. கணக்கு நோட்டு எழுதுவதை விட்டவர் உண்டு. பேரனுக்குச் சோறூட்டுவதை விட்டவரும் உண்டு. அவற்றுள் பலவற்றை மீட்க முடியும். அதற்கு உதவும் சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

வேறுபாட்டைப் பெருக்குங்கள். வாழையிலையில் சோறு தெரிவதுபோல் எவர்சில்வர் தட்டில் தயிர்சோறு தெரிவதில்லை. அடர்நிறத் தட்டு வாங்குவதற்கு ஆகும் செலவு சிறிது. வீட்டுப் படிகளின் விளிம்பில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பட்டையாக வண்ணம் பூசுங்கள். மலையூர்களில் பனிக்காலத்தில் இது விழுவதைத் தடுக்கும். படிப்பவருக்கு மெல்லிய பேனாவுக்குப் பதிலாகத் தடித்த கறுப்புப் பேனா கொடுங்கள். செல்பேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கவும், நிறத்தைத் தலைகீழாக்கவும், திரையை உருப்பெருக்கவும் வசதிகள் உண்டு.

திரையைப் பார்ப்பதால் விழித்திரை கெடுவதில்லை. ஆனால் திரையை உற்றுநோக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள ஒன்றை 20 விநாடி பார்ப்பது நல்ல பழக்கம். வெயிலில் செல்லும்போது தொப்பியும் தகுந்த கறுப்புக் கண்ணாடியும் அணியட்டும்.

ஸ்டார்கார்ட் நோயுள்ளோர் வைட்டமின் ஏ மாத்திரைகளையும் அது சேர்ந்த சத்து மாத்திரைகளையும் தாமாக உட்கொள்ளக் கூடாது. கண்ணுக்கு நல்லது என்று உறவினர் அன்போடு வாங்கித் தருவது இந்நோயில் தீங்காகலாம். வழக்கமான உணவில் உள்ள கீரையும் காய்களும் பற்றி அஞ்ச வேண்டாம்.

பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுக் குறை ஒன்றுசேரும்போது பொதுவாக இந்நோய் வருகிறது. அவ்வாறான பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல். இது யாருடைய குற்றமும் அன்று. தாய் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. உடன்பிறந்தோரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதும், அடுத்த தலைமுறைக்காக மரபணு ஆலோசனை பெறுவதும் போதும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபார்வையைத் தனிவகையாக ஏற்கிறது. மருத்துவக் குழு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்றளித்தால் பல உதவிகளுக்கு வழி பிறக்கும். பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் கோரலாம். தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.

நேர்க்கோடு திடீரென வளைந்து தெரிந்தாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ, மின்னல் கீற்றுகள் தோன்றினாலோ, கண் சிவந்து வலித்தாலோ அடுத்த வருகைக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள்.

மருத்துவர் அவசரத்தில் சொல்லும் ‘ஆமாம்’ ஒன்றை அப்படியே வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். “எதைச் செய்யக் கூடாது?” என்று கேட்கும் அதே மூச்சில், “எதைச் செய்யலாம்?” என்றும் கேளுங்கள். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அதற்கு விடை சொல்வது எங்கள் கடமை.

அவள் இப்போது இரண்டாவது கதையைத் தொடங்கியிருக்கிறாள். அதில் தாத்தா வருகிறார் என்று சொன்னாள். எப்படி அடையாளம் காட்டப்போகிறாய் என்று கேட்டோம். “தகரப்பெட்டியோட” என்றாள்.